விமானத்தில் முதற்பயணம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

தறியோசைக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் பெயர் பெற்றது நம் குடியாத்தம். சுற்றியுள்ள ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் ஓங்கியுள்ளன. இங்குத் தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து ஐரோப்பா வரை செல்கின்றன. பொருள்கள் செல்லும் வழியே மனிதரும் செல்கின்றனர். வணிகத்திற்காகச் செல்வோர், வளைகுடா நாடுகளில் உழைக்கச் செல்வோர், ஹஜ் யாத்திரை போவோர், உரோமாபுரிக்குத் திருயாத்திரை போவோர், தாதியர் படிப்பு முடித்து அயல்நாடு செல்லும் அக்காமார் எனப் பலரும் இன்று விமானம் ஏறுகின்றனர். வானில் புள்ளியாய்ப் போகும் விமானத்தைக் கண்ணுக்கு மேல் கைவைத்து அண்ணாந்து பார்த்த காலம் போய், அதற்குள் அமர்ந்து கீழே பார்க்கும் காலம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது.

எனினும் அச்சம் மட்டும் அகலவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். சித்திக்கு இது தலைப்பிரசவம். அங்கே உதவிக்கு ஆள் இல்லை. ஆகவே ஆயாவை வரவழைக்க டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆயாவோ, “ரயிலு போற ஊருன்னா வரேன். கீழே தரையே இல்லாத வண்டியில நான் ஏறமாட்டேன்” என்று ஒரே பிடியாய் இருக்கிறார். ஆயாவைக் கோழை என்று நாம் சொல்ல முடியுமா? வயல் வேலை செய்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். அறியாத ஒன்றைக் கண்டு மனம் அஞ்சுவது இயற்கைதானே! எனவே நாங்கள் சில மாணவியர் சேர்ந்து, ஆயா கேட்ட கேள்விகளையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டோம். விமானத்தில் சென்று வந்த பெற்றோரையும் உறவினரையும் விசாரித்தோம். அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். நூல்களைப் புரட்டினோம். அவ்வாறு திரட்டியவற்றை வாசகர் அனைவருக்கும் பயன்படும் என்று இங்குத் தொகுத்துத் தருகின்றோம்.

இவ்வளவு கனமானது எப்படிப் பறக்கும்?

இது ஆயாவின் முதற் கேள்வி. விடையைக் காண ஒரு தாள் துண்டு போதும். அதன் ஒரு முனையை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேற்புறமாக ஊதிப் பாருங்கள். தொங்கிக்கொண்டிருந்த தாள் மேலே எழும். விமானத்தின் இறக்கையும் ஓடும் காற்றில் இவ்வாறே மேலே தூக்கப்படுகிறது. இறக்கை வேகமாகக் காற்றைக் கிழித்துச் செல்லும்போது அதன் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. நீந்துகிறவர் கையால் நீரைத் தள்ளித் தம்மை மிதக்கவிடுவது போன்றதே இது. ஆகவே விமானம் வெற்று வெளியில் தொங்கிக்கொண்டு போவதில்லை. காற்று என்னும் தரை அதற்கு உண்டு.

“என்ஜின் நின்றுபோனால்?” என்பது அடுத்த கேள்வி. பெரிய பயணி விமானங்களில் குறைந்தது இரண்டு என்ஜின்கள் உண்டு. ஒன்று நின்றாலும் மற்றொன்றைக் கொண்டே பறந்து சென்று இறங்கும்படி அவை அமைக்கப்பட்டுள்ளன, விமானிகளும் அதற்குப் பயிற்சி பெறுகின்றனர். இரண்டும் நின்றால்கூட விமானம் கல்லைப் போல் விழுவதில்லை. 10 கி.மீ. உயரத்தில் இருந்தால் 100 கி.மீ.க்கும் மேல் சறுக்கிச் செல்ல அதனால் முடியும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க் நகரில் புறப்பட்ட ஒரு விமானத்தின் இரு என்ஜின்களும் பறவைகள் மோதியதால் செயலிழந்தன. விமானி அதை ஹட்சன் ஆற்றின் மேல் இறக்கினார். அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

வான்வழி வளர்ந்த கதை

வானில் செல்லும் ஆசை நம்மவர்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் கருவுற்றிருந்த விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிய கதையை நாம் அறிவோம். அது கவிஞர் கண்ட கனவு. அக்கனவை நனவாக்கியவர் அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் முதன்முதலில் பறந்தது 12 விநாடிகள், 120 அடி தூரம் மட்டுமே. அதற்கு ஏழே ஆண்டுகளில், 1910-இல், சென்னையில் ஓட்டல் நடத்தி வந்த ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் சிம்சன் கம்பெனியில் கட்டிய விமானத்தில் பறந்து காட்டினார். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் தபால் சென்றது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே விமானம் ஓட்டித் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அத்தபாலை நெவில் வின்சென்ட் என்னும் விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயரும், பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயரும் சூட்டப்பட்டன. காமராசர் முதலமைச்சரான பின் 1954-இல் நின்று வென்றது நம் குடியாத்தம் தொகுதியில்தான் என்பதை இங்கு நினைத்துப் பெருமை கொள்ளலாம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. பெயர்: டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். பாஸ்போர்ட்டில் அது விரிவாக எழுதப்படும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு நாடுகள் 2022-இல் அறிவித்தது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே பெயரைச் சரிபார்த்தல் நன்று. உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போன்ற புகைப்பட அடையாள அட்டை போதும்.

2. படிப்பு: பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் ஓமன், சவுதி அரேபியா முதலிய சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். தேறியவர்களுக்கு அது வேண்டியதில்லை. நாம் எழுதும் பொதுத் தேர்வின் மதிப்பு பாஸ்போர்ட் வரை செல்கிறது, பார்த்தீர்களா!

3. மூட்டை முடிச்சு: பெரிய பெட்டியை விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றுவார்கள், சிறு பையை நம்முடன் வைத்துக்கொள்ளலாம். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரிய பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்று அளவு உண்டு. டிக்கெட்டிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். வீட்டிலேயே எடை போட்டுக்கொண்டால் நிலையத்தில் பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தவிக்க வேண்டாம்.

4. கூடாதவை: கத்தி, கத்தரிக்கோல், மிளகாய்த்தூள் ஆகியவை கைப்பையில் கூடாது. நம் ஊர்ப் பொருளான தீப்பெட்டிக்கும் அனுமதி இல்லை. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரைத் தேங்காய் தீப்பற்றக்கூடியது என்பதால் அதையும் வைக்கலாகாது. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் உள்ள நீர்மப் பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாத புட்டியில் இருக்க வேண்டும். ஊறுகாயை நன்றாக மூடிக் கட்டிப் பெரிய பெட்டியில் வைப்பதே முறை. கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது.

5. கசகசா: இதைத் தாய்மார்கள் மிகவும் கவனிக்க வேண்டும். நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, ஐக்கிய அரபு நாடுகள், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதே காரணம். மகனுக்கென்று அன்போடு அரைத்து அனுப்பும் மசாலாப் பொடியில் அது கலந்திருந்தால் கொண்டு செல்பவர் சிறை புகவும் நேரலாம். அவ்வாறே முகம் தெரியாதவர் “எங்க வீட்டுக்குக் கொடுத்துடுங்க” என்று நீட்டும் பொட்டலத்தை வாங்கவே கூடாது. மாத்திரைகள் எடுத்துச் சென்றால் மருத்துவர் சீட்டும் உடன் இருக்கட்டும்.

விமான நிலையத்தில்

குடியாத்தத்தில் ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ ரயில் உண்டு. உள்நாட்டுப் பயணமானால் இரண்டு மணி நேரமும், வெளிநாட்டுப் பயணமானால் மூன்று மணி நேரமும் முன்னதாகவே சேர்ந்துவிட வேண்டும். ரயிலைப் போல் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொள்ள இங்கு வழியில்லை.

வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் அடையாளச் சான்றையும் பார்ப்பர். உள்ளே சென்றதும் விமானக் கம்பெனியின் மேடையில் பெட்டியைக் கொடுத்தால், இருக்கை எண் அச்சிட்ட போர்டிங் பாஸ் தருவார்கள். பெட்டிக்கு ஒட்டும் சீட்டின் மறுபாதியைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாடு செல்வோர் அடுத்துக் குடிநுழைவுச் சோதனையில் பாஸ்போர்ட்டில் முத்திரை பெற வேண்டும். பிறகு பாதுகாப்புச் சோதனை. பைகள் எக்ஸ்ரே பொறிக்குள் செல்லும். பெண்களைத் திரையிட்ட இடத்தில் பெண் காவலரே சோதிப்பர். ஆகையால் கூச்சமோ பயமோ வேண்டாம். செபமாலை, தஸ்பீஹ் மணி, உருத்திராட்சம் எதையும் அவர்கள் தடுப்பதில்லை.

விமானத்துக்குச் செல்லும் வாயிலின் எண்ணைத் திரையில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள் என்று நம்பி இருக்கக்கூடாது. நடக்க இயலாத முதியோருக்குச் சக்கர நாற்காலி தேவை என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்தால், வாசலிலிருந்து இருக்கை வரை உதவியாளர் அழைத்துச் செல்வார். தனியே செல்லும் தாத்தா பாட்டிமாருக்கு இது பெரிய துணை. கருவுற்றிருப்போர் கடைசி மாதங்களில் மருத்துவச் சான்று காட்ட வேண்டும். ஆகவே விமானக் கம்பெனியின் விதியை முன்பே கேட்டறிக.

வானில் கேட்கும் ஓசைகள்

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது பழமொழி. விமானத்தில் அது காதுக்கும் பொருந்தும். எந்த ஓசை எதனால் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் தீரும்.

விமானம் ஓடுபாதையில் இரைச்சலோடு விரைந்து, மணிக்குச் சுமார் 250 கி.மீ. வேகத்தை எட்டியதும் எழும்பும். அப்போது முதுகு இருக்கையோடு அழுந்தும். எழும்பிய சிறிது நேரத்தில் காலடியில் ‘தடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது சக்கரங்கள் மடங்கி உள்ளே செல்வதே. பின்னர் என்ஜின் இரைச்சல் திடீரெனத் தணியும். பலர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான் என்று சென்று வந்தோர் கூறினர். உண்மையில் ஏறுவதற்கு வேண்டிய முழு வலிமை இனி வேண்டாம் என்பதால் விமானி அதைக் குறைக்கிறார், அவ்வளவே. இறக்கையின் பின்விளிம்பு நீள்வதும் சுருங்குவதும் ‘கிர்ர்’ என்று ஒலிக்கும். ‘டிங்’ என்னும் மணி, பணிப்பெண்களை அழைக்கும் மணி. இரவில் ஏறும்போதும் இறங்கும்போதும் விளக்கைத் தணிப்பது, கண் இருளுக்குப் பழகியிருக்கட்டும் என்பதற்காக. தரையைத் தொட்டதும் எழும் பேரிரைச்சல், வேகத்தைக் குறைக்க என்ஜினின் காற்றை முன்நோக்கித் திருப்புவதால் வருவது.

காது அடைப்பதேன்?

விமானம் சுமார் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், மணிக்கு 800 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் செல்லும். அங்கு வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி அளவில் இருக்கும். மூச்சுவிடப் போதிய காற்றும் இராது. எனவே உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உள்ளதற்குச் சமம். அதாவது நாம் விமானத்தில் இருக்கும் நேரமெல்லாம் உதகையில் உட்கார்ந்திருப்பது போலத்தான். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் ஏறும்போது காது அடைக்கிறதல்லவா? காரணம் இரண்டிற்கும் ஒன்றே. எச்சிலை விழுங்கினாலும், கொட்டாவி விட்டாலும், மிட்டாய் சப்பினாலும் அடைப்பு நீங்கும். கைக்குழந்தைக்கு இறங்கும் நேரத்தில் பால் கொடுக்கலாம். சளி கடுமையாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுவது நல்லது.

விமானம் குலுங்கினால்?

மேகங்களும் மலைகளும் வெப்பமும் காற்றில் அலைகளை உண்டாக்குகின்றன. அவற்றின் மேல் செல்லும்போது, மேடுபள்ளமான சாலையில் செல்லும் பேருந்தைப் போல விமானம் குலுங்கும். இறக்கை மேலும் கீழும் வளைவது ஜன்னல் வழியே தெரியும். அது ஒடியப் போவதன் அறிகுறி அன்று. காற்றில் தென்னை வளைந்து கொடுப்பது போல, வளையும்படியே அது செய்யப்பட்டுள்ளது. குலுக்கலில் ஆபத்து பெரும்பாலும் விமானத்துக்கன்று, பெல்ட் போடாத பயணிக்கே. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற ஒரு விமானம் கடுமையாகக் குலுங்கியதில் பலர் காயமுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். ஆகவே விளக்கு அணைந்த பின்னும், உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட்டைப் போட்டபடியே இருப்பது அறிவுடைமை. குலுக்கல் குறைவாகத் தெரிய வேண்டுமானால் இறக்கைக்கு அருகிலுள்ள இருக்கையைக் கேட்டு வாங்கலாம்.

ஆபத்தே இல்லையா?

இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் லண்டனுக்குப் புறப்பட்ட விமானம் சில விநாடிகளில் விழுந்தது. அதிலிருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். தரையில் இருந்தவர்களும் இறந்தனர். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டவர் மனத்தில் அது நீங்காது. ஆயாவும் அதைக் கண்டவரே. “அதுக்கு என்ன சொல்றீங்க?” என்று அவர் எங்களைக் கேட்டபோது சற்று நேரம் எவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு நாங்கள் கணக்கைப் பார்த்தோம். 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 4 கோடி முறை விமானங்கள் பறந்தன. அவற்றுள் உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகள் 7 என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் கூறுகிறது. நம் நாட்டுச் சாலைகளிலோ 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் இறந்தனர். பள்ளிகொண்டா வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் நாம் அஞ்சாமல் போய் வருகிறோம். அது பழகிய பயம், இது பழகாத பயம். வேறுபாடு அவ்வளவே.

மேலும், ஒவ்வொரு விபத்தும் ஆராயப்பட்டு, அதன் பாடம் மற்ற விமானங்களுக்கு விதியாகிறது. 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இறங்கிய விமானம் ஒரு சிறு விமானத்தில் மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்தில் ஐவர் மாண்டனர். ஆனால் பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் பணியாளர் சொற்படி, பெட்டிகளை விட்டுவிட்டு வெளியேறி உயிர் தப்பினர். எனவே புறப்படும்போது பணிப்பெண் செய்து காட்டும் விளக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். அவசர வழி எத்தனை வரிசைக்கு அப்பால் இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கவசம் கீழே இறங்கினால் முதலில் தாம் அணிந்து, பிறகு குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். தாய்மார்க்கு இது கடினமாகத் தோன்றும். ஆனால் தாய் மயங்கிவிட்டால் குழந்தைக்கு உதவுவார் யார்?

மனத்தைத் தேற்றும் வழிகள்

பயத்தை மறைக்காமல், “எனக்கு இதுதான் முதல் பயணம்” என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவிடலாம். அவர்கள் வந்து வந்து விசாரிப்பார்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விட்டால் படபடப்பு தணியும். வயிற்றை முட்ட நிரப்பாமல் எளிய உணவு உண்ணலாம். தண்ணீர் அடிக்கடி குடிக்கலாம். நீண்ட பயணத்தில் இடையிடையே எழுந்து நடக்கலாம். குமட்டினால் முன் இருக்கைப் பையில் காகித உறை இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிவறையில் நீர் ‘புஸ்’ என்று பேரொலியுடன் உறிஞ்சப்படும், திடுக்கிட வேண்டாம்.

இறைவேண்டலும் பெருந்துணை. லொரேத்தோ மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக 1920-இல் பதினைந்தாம் பெனடிக்ட் பாப்பரசர் அறிவித்தார் என்று அருட்சகோதரி ஒருவர் எங்களுக்குச் சொன்னார். அவரவர் வழக்கப்படி வேண்டிக்கொண்டு அமரலாம்.

எங்கள் தோழியின் ஆயா இப்போது இறங்கி வந்திருக்கிறார். ஜன்னலோர இருக்கை வேண்டாம், தைலப்புட்டி கையிலேயே இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் விதித்துள்ளார். புட்டி 100 மில்லிக்கு மிகாமல் இருப்பதைத் தோழி பார்த்துக்கொண்டாள். சென்னையிலிருந்து மஸ்கட்டுக்குச் சுமார் நான்கு மணி நேரம். ரயிலில் குடியாத்தத்திலிருந்து சென்னை செல்லும் நேரத்தைவிடச் சிறிதே அதிகம்.

மாணவியருக்கு ஒரு சொல்

அன்புத் தோழியரே! விமானத்தில் நமக்குரிய இடம் பயணியின் இருக்கை மட்டுமன்று. 1936-இல் சரளா தக்ரால் 21 வயதில் புடவை அணிந்தே விமானம் ஓட்டினார். சுதந்திர இந்தியாவின் முதற் பெண் விமானி எனப் போற்றப்படும் உஷா சுந்தரம் நம் சென்னையோடு தொடர்புடையவர். 1966-இல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் விமானியானார். இன்று உலகச் சராசரியைவிட நம் நாட்டில் பெண் விமானிகளின் பங்கு கூடுதல். கணிதமும் இயற்பியலும் கற்ற குடியாத்தத்துப் பெண்ணொருத்தி விமானியின் இருக்கையில் அமர ஏன் இயலாது?

அந்நாள் வரும்வரை நம்மால் ஆகும் உதவி ஒன்று உண்டு. நம் தெருவில் எவரேனும் முதன்முறை விமானம் ஏறப் புறப்பட்டால், டிக்கெட்டில் உள்ள ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வோம். பெட்டியை எடை போட்டுக் கொடுப்போம். மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேட்போம். ‘தடக்’ என்னும் சத்தம் சக்கரம் மடங்கும் சத்தம் என்று சொல்லி அனுப்புவோம்.